கறப்பவன் ஒருவன், விலை வைப்பவன் இன்னொருவன்!

செருப்புத் தைப்பவன் செருப்புக்கு விலை சொல்கின்றான். பானை வனைபவன் பானைக்கு விலை சொல்கின்றான். ஊசி விற்பவனும் உப்பு விற்பவனும் தத்தம் பொருளுக்குத் தாமே விலை சொல்கின்றனர். தன் பொருளைத் தானே தோளில் சுமந்துகொண்டு போய், வாங்குபவன் முன்னிலையில் நின்று, "என்ன விலை தருவீர்கள்?" என்று கேட்பவன் தமிழ்நாட்டில் ஒருவனே உளன். அவன் உழவன். அவன் உழுதால்தான் ஊர் உண்ணும் என்று மேடைதோறும் முழங்குகின்றார்கள். பொங்கலன்று அவன் மாட்டுக்கு மாலை சூட்டிப் படம் பிடிக்கின்றார்கள். அவன் கறந்த பாலுக்கும் பறித்த தக்காளிக்கும் விலை வைக்கும் உரிமையை மட்டும் ஒருவரும் அவனிடம் தருவதில்லை.

இந்த இழிநிலை தமிழர்க்குப் பழமையானது அன்று. பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆயமகளை எண்ணிப் பார்க்க வேண்டும். விடியலில் தயிர் கடைந்து, மோரை விற்று நெல் பெற்றுத் தன் சுற்றத்தை ஊட்டுகின்றாள் அவள். நெய்யின் விலைக்குப் பொன்னைக் கொடுக்க முன்வந்தாலும் வேண்டா என்கின்றாள். எருமையும் நல்ல ஆவும் கன்றும் கேட்டுப் பெறுகின்றாள். தன் பொருளுக்கு ஈடாக எதைக் கொள்வது என்று முடிவு செய்தவள் அவள், வாங்கியவன் அல்லன். பட்டினப்பாலையில் வரும் புகார் வணிகரோ, கொள்வதை மிகுத்துக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைத்துக் கொடுக்காமலும் வணிகம் செய்தவராகப் போற்றப்படுகின்றனர். விற்பவளுக்கு விலையுரிமை, வாங்குபவனுக்கு அளவொழுக்கம் என்னும் இரண்டு தூண்களின்மேல் நின்றது தமிழரின் அங்காடியறம். இன்று அவ்விரண்டு தூண்களும் சாய்ந்து கிடக்கின்றன.

மடியைப் பூட்ட முடியுமா?

உழவன் ஏன் விலை சொல்ல முடியாதவனாய் இருக்கின்றான்? அவனுக்கு அறிவில்லை என்பது நகரத்தார் சொல்லும் பொய். கரணியம் அவன் விற்கும் பொருளிலேயே உள்ளது. இரும்பு விற்பவன் விலை இறங்கினால் கடையைப் பூட்டிவிட்டு, அது ஏறும்வரை காத்திருப்பான். மாட்டின் மடியைப் பூட்ட முடியுமா? காலையிலும் மாலையிலும் கறந்தே ஆக வேண்டும். கறந்த பால் சில மணி நேரத்திற்குள் குளிரூட்டப்படாவிடின் திரிந்துபோகும். தக்காளி இரண்டு மூன்று நாளில் கனிந்து குழையும். காத்திருக்க இயலாத பொருளை வைத்திருப்பவன், காத்திருக்க இயன்ற வணிகன் முன் தோற்றே தீர்வான்.

அவன் சிறியவன் என்பது இன்னொரு கரணியம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு பண்ணையின் சராசரிப் பரப்பு 0.75 எக்டேர்; அஃதாவது 2 ஏக்கருக்கும் குறைவு. இந்தியா முழுவதற்குமான சராசரியே 1.08 எக்டேர்தான். இரண்டு மாடும் ஓர் ஏக்கர் நிலமும் உடையவன் பத்து இலிட்டர்ப் பாலையும் பத்துக் கூடை தக்காளியையும் வைத்துக்கொண்டு, நாள்தோறும் ஆயிரக்கணக்கான இலிட்டர் கொள்ளும் குழுமத்தோடு பேரம் பேசுவது எப்படி? அது பேரமன்று, இரப்பு.

இவ்விடத்தில்தான் தில்லியின் பொருளியல் அறிஞர்கள் வாய் திறக்கின்றார்கள். "சந்தையைத் திறந்துவிடுங்கள், உழவன் எங்கு வேண்டுமாயினும் விற்கட்டும், அவன் உயர்ந்துவிடுவான்" என்கின்றார்கள். 2020-இல் நடுவணரசு கொண்டுவந்த மூன்று வேளாண் சட்டங்களும் இந்த வாய்ப்பாட்டின்மேல் எழுப்பப்பட்டவையே. ஓராண்டுக்கு மேல் தில்லியின் எல்லையில் உழவர் வெயிலிலும் பனியிலும் கிடந்து போராடிய பின்னர், 2021 நவம்பரில் அவை திரும்பப் பெறப்பட்டன. சட்டம் போயிற்று, வாய்ப்பாடு போகவில்லை. எங்கு வேண்டுமாயினும் விற்கலாம் என்னும் உரிமை, எங்கும் விலை சொல்ல முடியாதவனுக்கு எதற்கு? கால் ஒடிந்தவனுக்கு ஊரெல்லாம் சாலை போட்டுக் கொடுப்பது போன்றது அது.

இரண்டு பொருள்கள், இரண்டு வரலாறு

வாய்ப்பாட்டை விடுத்துக் கணக்கைப் பார்க்கலாம். இரிசர்வு வங்கி 2024-இல் வெளியிட்ட ஆய்வுத் தாள்கள் சொல்லும் கணக்கு இது: வாங்குபவர் தக்காளிக்குக் கொடுக்கும் 100 உருபாவில் உழவன் கைக்கு வருவது ஏறத்தாழ 33. வெங்காயத்தில் 36. உருளைக்கிழங்கில் 37. ஆனால் பாலுக்குக் கொடுக்கும் 100 உருபாவில் கறப்பவனை அடைவது ஏறத்தாழ 70.

தக்காளியும் கெடும் பொருள். பாலும் கெடும் பொருள். பால் தக்காளியைவிட விரைந்து கெடுவது. தக்காளி விளைப்பவனும் சிறியவன். பால் கறப்பவனும் சிறியவன். அங்ஙனமிருக்க, ஒருவனுக்கு மூன்றில் ஒரு பங்கும் மற்றொருவனுக்கு மூன்றில் இரண்டு பங்கும் எப்படி வந்தன? வெங்காயத்திற்கும் தக்காளிக்கும் இருப்பது தரகன். பாலுக்கு இருப்பது, எத்துணைக் குறையுடையதாயினும், கூட்டுறவு. தனிப்பட்டோர் குழுமங்களும் பால் கொள்வது உண்மையே. ஆயினும் ஊருக்குள் ஒரு சங்கம் திறந்திருக்கும் வரையில், அது கொடுக்கும் விலைக்கு மிகவும் கீழே எந்தக் குழுமமும் இறங்கிவிட முடியாது. திறந்த சந்தை செய்யாததைச் சேர்ந்த கைகள் செய்தன. இதனை மறுக்க வல்லார் எவரும் இலர்.

அந்தக் கைகள் சேர்ந்த வரலாற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குசராத்தின் கெய்ரா மாவட்டத்தில் பம்பாய் நகருக்குப் பால் அனுப்பும் உரிமையைப் போல்சன் என்னும் ஒரே வணிக நிறுவனம் வைத்திருந்தது. நகரில் பால் விலை ஏறியது. ஊரில் கறப்பவனின் விலை ஏறவில்லை. 1946-இல் கெய்ரா உழவர் 15 நாள் ஒரு சொட்டுப் பாலும் கொடுக்க மறுத்தனர். வல்லபபாய் பட்டேல் அவர்களுக்குச் சொன்ன அறிவுரையின் சாறு, கொள்முதலும் பதனமும் விற்பனையும் உழவர் கைக்கே வரவேண்டும் என்பது. திரிபுவனதாசு பட்டேல் ஊர் ஊராய் நடந்து சங்கங்களை அமைத்தார். அவ்வாண்டு திசம்பர் 14-ஆம் நாள் ஒன்றியம் பதிவாயிற்று. 2 ஊர்ச் சங்கங்கள், நாளொன்றுக்கு 247 இலிட்டர் என்று தொடங்கியது அது. 1949-இல் அங்கு வந்து சேர்ந்த வர்கீசு குரியன் அதனை வளர்த்தெடுத்தார். எருமைப் பாலைத் தூளாக்க முடியாது என்று மேலைநாட்டு வல்லுநர் கைவிரித்தபோது, 1955-இல் தலாயா என்னும் பொறியாளர் அங்கேயே செய்து காட்டினார். 1970-இல் தொடங்கி 1996 வரை மூன்று கட்டமாக நடந்த வெண்மைத் திட்டத்தின் வேர் இதுவே.

குசராத்து உழவன் பெற்ற அந்த வெற்றி, உழவன் பெற்ற வெற்றி. அதனைத் தமிழுழவன் பொறாமைக் கண்ணால் பார்க்க வேண்டுவதில்லை. அதிலிருந்து கற்க வேண்டியதைக் கற்க வேண்டும். போல்சன் விலையைக் கூட்டித் தர வேண்டுமென்று அவர்கள் மன்றாடவில்லை. போல்சனே வேண்டா என்றார்கள். சலுகை கேட்கவில்லை, உரிமையை எடுத்துக்கொண்டார்கள். மொழியுரிமைக்கும் நிலவுரிமைக்கும் போராடும் எவரும் நெஞ்சில் பதிக்க வேண்டிய பாடம் இது.

அளவு, விலை, கணக்கு

சந்தையில் உழவன் வீழ்த்தப்படும் இடங்கள் மூன்று. அளக்குமிடம், விலை வைக்குமிடம், கணக்கு எழுதுமிடம்.

பாலின் விலை இலிட்டர்க் கணக்கில் மட்டும் அமைவதில்லை. அதிலுள்ள கொழுப்பும், கொழுப்பு நீங்கலான திண்பொருளும் அளக்கப்பட்டே விலை முடிகின்றது. செய்தித்தாளில் அரசு அறிவிக்கும் விலை, குறித்த கொழுப்பும் குறித்த திண்பொருளும் உள்ள பாலுக்கே உரியது. கொழுப்பை ஓர் அரைப் புள்ளி குறைத்து எழுதினால் விலையும் குறைந்துவிடும். குறைந்தது பாலின் தரமா, எழுதியவனின் நேர்மையா என்று கண்டறியக் கறப்பவனிடம் கருவி இல்லை. பால்மானியை ஒரு நொடி மிதக்கவிட்டு, அவன் கண்ணில் படுமுன் எடுத்துவிட்டு, "தண்ணீர் கலந்திருக்கிறது" என்று பத்துப் பேர் முன்னிலையில் சொல்லிவிடுவது எளிது. உழைத்தவள் தலைகுனிந்து வீடு திரும்புகின்றாள். பணத்தோடு மானமும் அங்கே பறிபோகின்றது.

விலை வைக்குமிடம் அடுத்தது. 2021 மே திங்களில் புதிய அரசு அமைந்தவுடன், முதல் ஆணைகளுள் ஒன்றாக ஆவின் பாலின் விற்பனை விலை இலிட்டருக்கு 3 உருபா குறைக்கப்பட்டது. நகர மக்கள் மகிழ்ந்தனர். கறப்பவனுக்குத் தரும் கொள்விலை கூட்டப்பட்டது எப்போது? 2022 நவம்பரில். மாட்டுப் பாலுக்கு 32 உருபா 35 ஆயிற்று. எருமைப் பாலுக்கு 41 உருபா 44 ஆயிற்று. வாங்குபவர்க்கு 3 உருபா குறைக்க ஒரு கையெழுத்துப் போதும். கறப்பவர்க்கு 3 உருபா கூட்ட ஒன்றரை ஆண்டு வேண்டும்! அதற்குள் புண்ணாக்கும் தவிடும் பருத்திக்கொட்டையும் விலையேறிவிட்டன. பின்னர் 2023 திசம்பர் 18 முதல் இலிட்டருக்கு இன்னும் 3 உருபா சேர்க்கப்பட்டது. அதற்கும் விலை என்னும் பெயரில்லை. ஊக்கத்தொகை என்று பெயர். விலை உரிமை, ஊக்கத்தொகை அருட்கொடை. உரிமையை எவரும் திரும்பப் பெற முடியாது. அருட்கொடையை அளித்தவர் நினைத்தால் நிறுத்திவிடலாம். சொல்லில் என்ன இருக்கின்றது என்பார்க்கு இதுவே விடை.

மூன்றாவது கணக்கு. கறப்பவளுக்குத் தரும் சீட்டில் கொழுப்புக்கும் திண்பொருளுக்கும் ஆங்கிலக் குறியெழுத்துகளே பல இடங்களில் அச்சாகின்றன. தன் பாலைப் பற்றித் தன் ஊரில் தன் கையில் தரப்படும் தாளைத் தானே படிக்க இயலாத நிலையில் அவள் நிற்கின்றாள். படிக்க இயலாத கணக்கைத் தட்டிக் கேட்க இயலுமா? தமிழில் கணக்கு வேண்டும் என்பது மொழிவெறி என்று எள்ளுவோர், அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் அவளை ஒருமுறை பார்க்கட்டும். அவளுக்குத் தமிழ் பாட்டு அன்று, பெருமை அன்று. ஏமாறாமல் காக்கும் வேலி.

தயிருக்கு வந்த தடை

உழவர் சந்தைச் சிக்கலில் மொழியை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்போர்க்கு, தில்லியே 2023-இல் விடை தந்தது. உணவுப் பாதுகாப்பு, தரம் ஆகியவற்றுக்கான இந்திய ஆணையம், தயிர் உறைகளில் 'தகி' என்னும் இந்திச் சொல்லை முதன்மையாக அச்சிட வேண்டும் என்றது. கன்னடரின் 'மொசரு' பிறைக்குறிக்குள் இருக்கலாமாம். தமிழரின் 'தயிர்' என்னும் சொல்லுக்கும் அதே கதிதான். தமிழ்நாடும் கருநாடகமும் எதிர்த்து எழுந்தபின், மார்ச்சு 30-ஆம் நாள் ஆணையம் தன் ஆணையைத் திருத்தியது.

திருத்தம் வந்தது, வென்றோம் என்று பலர் அமைந்துவிட்டனர். அந்தத் திருத்தத்தை ஊன்றிப் படித்தவர் எத்துணைப் பேர்? தயிரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் முதலில். அதன்பின் பிறைக்குறிக்குள் 'தகி' அல்லது 'மொசரு' அல்லது 'தயிர்' அல்லது 'பெருகு'. இந்தி வாயிலில் நின்றது. ஆங்கிலம் அரியணையில் அமர்ந்தது. தமிழ் பிறைக்குறிக்குள் பூட்டப்பட்டது. தமிழ்நாட்டுப் புல்லைத் தின்று, தமிழ்நாட்டுத் தண்ணீரைக் குடித்து, தமிழ்நாட்டு மாடு கொடுத்த பாலைத் தமிழ்ப்பெண் உறையூற்றி ஆக்கிய பொருளுக்குத் தமிழ்ப்பெயர் வைக்கத் தில்லியின் ஒப்புதல் வேண்டும்! பொருளுக்குப் பெயர் வைப்பவனே அதன் தரத்தை வரையறுக்கின்றான். தரத்தை வரையறுப்பவனே விலையை முடிவு செய்கின்றான். பெயரில் தொடங்கியது பையில் முடியும்.

எல்லை கடந்து வந்த குளிரூட்டு நிலையம்

அதே 2023-இல் இன்னொன்றும் நிகழ்ந்தது. கெய்ரா மாவட்ட ஒன்றியம், பன்மாநிலக் கூட்டுறவு உரிமத்தைக் கொண்டு கிருட்டினகிரி மாவட்டத்தில் பால் குளிரூட்டு நிலையங்களை அமைத்தது. தருமபுரி, வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களிலும் பால் கொள்ளத் திட்டமிட்டது. தமிழ்நாட்டு முதலமைச்சர் மே 25-ஆம் நாள் நடுவண் கூட்டுறவு அமைச்சர்க்கு மடல் எழுதினார். ஒரு கூட்டுறவின் பால்வட்டத்திற்குள் இன்னொரு கூட்டுறவு நுழையாமை கூட்டுறவின் அடிப்படை மரபு என்று அவர் சுட்டினார்.

அவர் சுட்டியது முறையே. உழவரால் உழவர்க்காகத் தொடங்கப்பட்ட ஒன்றியம் கிருட்டினகிரிக்கு வரும்போது என்னவாக வருகின்றது? கெய்ராவின் உழவன் அதில் உறுப்பினன். அதன் ஆட்சிக்குழுவுக்கு வாக்களிப்பவன். ஆண்டிறுதி மிகுதியில் பங்கு பெறுபவன். ஊற்றங்கரை உழவனோ அதற்குப் பால் ஊற்றுபவன் மட்டுமே. ஒருவன் உரிமையாளன், மற்றவன் கறவைக்காரன். 1946-இல் எந்தப் போல்சனை எதிர்த்துக் கெய்ரா உழவன் பாலைக் கொடுக்க மறுத்தானோ, அந்தப் போல்சன் நின்ற இடத்தில் இன்று அவனுடைய ஒன்றியமே வந்து நிற்பதா?

ஆனால் இங்கு ஒரு கேள்விக்கு நேர்மையாக விடை சொல்லியாக வேண்டும். "வெளியிலிருந்து வருபவன் இரண்டு உருபா கூட்டிக் கொடுத்தால், தமிழன் என்பதற்காக நான் குறைந்த விலைக்கு ஊற்ற வேண்டுமா?" என்று உழவன் கேட்கின்றான். அவன் கேட்பதில் தவறில்லை. இனப்பற்று என்னும் பெயரில் ஏழையின் அடுப்பை அணைப்பது இனப்பற்று ஆகாது. அவனுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே: போட்டி இருக்கும்வரை கூட்டிக் கொடுப்பவன், போட்டி ஒழிந்தபின் குறைத்துக் கொடுப்பான், அப்போது ஊரில் சங்கமும் இராது, முறையிட இடமும் இராது. இதை அவனிடம் சொல்லும் தகுதி வேண்டுமாயின், ஊர்ச் சங்கம் முதலில் ஒழுங்காக நடந்தாக வேண்டும்.

பெயர் தமிழ், நடப்பு?

ஆவின் என்பது அழகிய தமிழ்ப்பெயர். 'ஆ' என்னும் பழஞ்சொல்லைச் சிற்றூர்க் கிழவியின் வாயிலும் சென்னைக் குழந்தையின் வாயிலும் ஒலிக்கச் செய்த பெயர். 1981-இல் மூன்றடுக்கு முறையில் இணையம் அமைந்தது: ஊரில் சங்கம், மாவட்டத்தில் ஒன்றியம், மாநிலத்தில் இணையம். முதலமைச்சர் தம் மடலில் குறித்தபடி 9,673 சங்கங்கள். ஏறத்தாழ நாலரை இலட்சம் உறுப்பினர். நாளொன்றுக்கு 35 இலட்சம் இலிட்டர்ப் பால். பெரிய அமைப்புத்தான். ஆயினும் தமிழ்நாட்டில் சுரக்கும் பாலில் பெரும்பகுதி இந்த அமைப்புக்குள் வருவதில்லை. அது தனிப்பட்டோர் குழுமங்களுக்கும் ஊர்ப் பால்காரர்க்கும் போகின்றது.

ஏன் போகின்றது? பணம் காலத்தில் வருவதில்லை என்பது உழவர் நெடுநாளாய்ச் சொல்லும் குறை. பள்ளிக் கட்டணத்திற்கும் மருத்துவச் செலவுக்கும் அவசரமாய்ப் பணம் வேண்டியவன், முன்பணம் நீட்டும் முகவரிடம் போகின்றான். முன்பணம் வாங்கியவனுக்கு விலை கேட்க வாயில்லை. கட்டுத்தறியில் மாடு கட்டுண்டு கிடக்க, கடன்தறியில் அதன் உடையவன் கட்டுண்டு கிடக்கின்றான்.

இன்னும் ஆழமான நோய் ஒன்றுண்டு. கூட்டுறவு என்பது உறுப்பினரின் உடைமை. ஆனால் தமிழ்நாட்டில் அது அரசுத் துறையின் ஒரு கிளையாக மாற்றப்பட்டுவிட்டது. ஆளுங்கட்சி மாறினால் சங்கத் தலைவர் மாற வேண்டும் என்பது எழுதப்படாத சட்டமாயிற்று. 2018-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சிக்குழுக்களின் ஐந்தாண்டுக் காலம் 2023-இல் முடிந்தபின், உறுப்பினர் அமர வேண்டிய நாற்காலியில் தனி அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர். மாடு உழவனுடையது, பால் உழவனுடையது, பங்குத்தொகை உழவனுடையது, முடிவு மட்டும் அலுவலருடையது. வெளியார் நுழைவை எதிர்த்து முழங்குவோர், தம் வீட்டுக்குள்ளேயே உழவனை வெளியாராக்கியதற்கு என்ன விடை சொல்வர்?

உழவன், உழவன் என்று சொல்லும்போது இன்னொன்றையும் மறக்கலாகாது. விடியுமுன் எழுந்து சாணம் வாருபவள் பெண். புல்லறுப்பவள் பெண். கன்றை அவிழ்ப்பவளும் கறப்பவளும் பெரும்பாலும் பெண்ணே. சங்கத்துப் பதிவேட்டிலோ ஆணின் பெயர். பணம் வாங்குமிடத்தில் ஆணின் கை. அந்த ஆயமகளின் வழிவந்தவள் இன்று தன் பாலின் விலையைக் கணவனிடம் கேட்டறிய வேண்டியவளாய் இருக்கின்றாள். இனவிடுதலை பேசுவோர் இதனைச் சிறுசெய்தி என்று ஒதுக்குவாராயின், அவர் பேசும் விடுதலை பாதி விடுதலையே.

சந்தை உண்டு, காவல் இல்லை

காய்கறிக்குத் தமிழ்நாடு கண்ட நல்ல வழி உழவர் சந்தை. 1999 நவம்பர் 14-ஆம் நாள் மதுரையில் முதற்சந்தை திறக்கப்பட்டது. உழவன் அடையாள அட்டையோடு வந்து, வாடகையின்றிக் கடை பெற்று, அரசு தந்த தராசில் தானே நிறுத்து, இடைத்தரகன் இல்லாமல் விற்றான். வாங்கியவர்க்கும் விலை குறைந்தது; விற்றவனுக்கும் வருவாய் கூடியது. எளிய திட்டம், தமிழ்ப்பெயர் தாங்கிய திட்டம். ஆயினும் 2001-இல் ஆட்சி மாறியபின் பல சந்தைகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. உழவன் வாழ்வுக்குக் கட்சிக்கொடியின் நிறம் எதற்கு?

உழவர் சந்தைக்கும் ஓர் எல்லை உண்டு. அன்றன்று பறித்ததை அன்றன்று விற்க அது உதவும். பாலக்கோட்டிலும் இராயக்கோட்டையிலும் ஒரே வாரத்தில் தக்காளி குவியும்போது அது என் செய்யும்? பறிகூலிக்கும் தேறாத விலையால் தக்காளியைச் சாலையோரம் கொட்டிய காட்சியைத் தமிழகம் பலமுறை கண்டுவிட்டது. அதே தக்காளி 2023 சூலையில் நகரங்களில் கிலோ 100 உருபாவைத் தாண்டியது. கொட்டியவனும் உழவன், தாண்டிய விலையில் பங்கு பெறாதவனும் உழவன். பாலுக்குக் குளிரூட்டு நிலையமும் தூளாக்கும் ஆலையும் இருப்பதனால்தான் மிகுந்த பால் சாக்கடைக்குப் போவதில்லை. தக்காளிக்கும் வெங்காயத்திற்கும் அத்தகைய காவலை உழவரின் உடைமையாகவே ஊர்ப்புறத்தில் எழுப்பாதவரை, விலையேற்றமும் விலையிறக்கமும் தரகனுக்கே விருந்தாகும்.

யாழ்ப்பாணம் சொல்லும் பாடம்

ஊர்ச் சந்தையை உழவன் பிடித்தாலும், நாட்டின் வாயிற்கதவு பிறர் கையில் இருப்பின் என்ன நேரும்? ஈழத்தைப் பார்க்க வேண்டும். 1970-களின் முற்பகுதியில் இலங்கை அரசு மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. ஆறில்லாத யாழ்ப்பாணத்துத் தமிழுழவர், கிணற்று நீரை இறைத்துச் செம்மண்ணைப் பொன்னாக்கினர். தீவு முழுவதற்கும் மிளகாயும் வெங்காயமும் அவர்கள் தோட்டத்திலிருந்து சென்றன. 1977-இல் செயவர்த்தனாவின் அரசு ஆட்சிக்கு வந்து சந்தையைத் திறந்துவிட்டது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்து குவிந்தன. யாழ்ப்பாணத்துத் தோட்டங்கள் விலையிழந்தன. கொழும்பில் இடப்பட்ட ஒரு கையெழுத்து, வலிகாமத்துத் துலாவின் கயிற்றை அறுத்தது. அந்த முடிவில் தமிழுழவனின் குரலுக்கு இடமே இல்லை.

அந்த வாள் தமிழ்நாட்டு உழவனின் தலைமேலும் தொங்குகின்றது. 2019 நவம்பரில் இந்தியா ஆசியப் பெருவட்டார வணிக உடன்பாட்டிலிருந்து விலகியது. நியூசிலாந்து, ஆத்திரேலியப் பால்பொருள்கள் வந்து குவியும் என்ற உழவரின் எதிர்ப்பு அதற்கு ஒரு முதன்மைக் கரணியம். அன்று தப்பினர். இனி வரும் ஒவ்வோர் உடன்பாட்டிலும் அதே கேள்வி எழும். ஆயிரம் மாடுகளை அரசுப் பணத்தின் துணையோடு வளர்ப்பவனின் பால்தூளோடு, இரண்டு மாடு வைத்திருப்பவளின் பால் மோத வேண்டி வரும். அந்த முடிவை எடுப்பது தில்லி. வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருக்கின்றது. வேளாண்மையின் வாழ்வும் சாவும் தில்லியின் வணிக அமைச்சில் இருக்கின்றன!

வேண்டுவன இவை

புலம்பல் போதும். தமிழுழவர் கேட்க வேண்டியவை தெளிவானவை.

ஒன்று: ஒவ்வொரு பால் சங்கத்திலும் பாலை ஊற்றுபவர் கண்முன்னே அளவும் ஆய்வும் நடைபெற வேண்டும், கொழுப்பு, திண்பொருள், விலை, தொகை நான்கும் தமிழில் அச்சான சீட்டு அப்போதே கையில் தரப்பட வேண்டும்.

இரண்டு: தீனி விலையோடு இணைத்துக் கொள்விலை குறித்த காலத்தில் மறுபார்வை பெற வேண்டும். அதனை முடிவு செய்யும் குழுவில் கறப்போரே பெரும்பான்மையராய் இருக்க வேண்டும். ஊக்கத்தொகை விலையோடு சேர்க்கப்பட வேண்டும்.

மூன்று: பால் பணம் பத்து நாளைக்கு ஒருமுறை தவறாமல், கறப்பவர் பெயரிலுள்ள கணக்கிலேயே சேர வேண்டும். வீட்டுக்கு ஓர் உறுப்பினர் என்னும் வழக்கில் பெண்ணின் பெயரே முதலில் வர வேண்டும்.

நான்கு: தனி அலுவலர் ஆட்சி ஒழிய வேண்டும். கட்சிச் சார்பில்லாத தேர்தல் காலந்தவறாமல் நடைபெற வேண்டும்.

ஐந்து: தக்காளி, வெங்காயம், வாழை விளையும் வட்டாரங்களில் உழவர் உடைமையான குளிர்கிடங்குகளும் பதன ஆலைகளும் உழவர் சந்தையோடு இணைத்து எழுப்பப்பட வேண்டும்.

ஆறு: தமிழ்நாட்டில் விளைந்து தமிழ்நாட்டில் விற்கும் உணவுப்பொருளின் உறையில் தமிழே முதலில், தமிழே பெரிதாய், பிறைக்குறிக்கு வெளியே நிற்க வேண்டும்.

ஏழு: பால்பொருள் இறக்குமதி பற்றிய எந்த உடன்பாடும் மாநிலத்தின் ஒப்புதலின்றி நிறைவேறலாகாது.

இவற்றுள் பாதியைத் தில்லியிடம் கேட்க வேண்டுவதில்லை. சென்னையிலிருந்தே செய்யலாம். சென்னையைக்கூடக் கேளாமல் ஊரிலேயே தொடங்கத் தக்கனவும் உள. சங்கத்தின் பேரவைக் கூட்டத்திற்கு ஐம்பது பேர் சேர்ந்து போய், "சீட்டைத் தமிழில் கொடு; கணக்கைத் தமிழில் படி" என்று கேட்பதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. கெய்ராவில் தொடங்கியதும் இரண்டே ஊர்களில்தான்.

தமிழியக்கத்தார்க்கும் இதில் கடமையுண்டு. மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்கிவிட்டுத் திரும்பும் வழியில், பால் சங்கத்துப் படியேறி அந்தச் சீட்டை வாங்கிப் பார்க்க வேண்டும். தமிழைக் காப்பவன் ஏட்டில் மட்டும் காத்தால் போதாது. தராசிலும் காக்க வேண்டும். மொழியை இழந்த உழவன் கணக்கை இழக்கின்றான். கணக்கை இழந்தவன் விலையை இழக்கின்றான். விலையை இழந்தவன் மாட்டை விற்கின்றான். மாட்டை விற்றவன் நிலத்தை விற்கின்றான். நிலத்தை விற்றவனின் மகன் அயலூர்க் கட்டடத்தில் செங்கல் சுமக்கின்றான். மண்ணை இழந்த இனத்திற்கு மொழி மட்டும் எங்கே நின்று வாழும்?

கறப்பவர் கையில் அளவுகோல் வரட்டும்! விளைப்பவர் வாயில் விலை பிறக்கட்டும்! தமிழில் கணக்கு எழுந்து, தமிழ்நாட்டின் சந்தை தமிழுழவர்க்கே உரியதாகட்டும்!